நாற்பது வருஷத்துப் போர்ட் பாட்டிலை எதை வைத்துத் திறப்பது?

என் நண்பன் ஒருவனுக்குப் போன வருஷம் நாற்பது வயது நிறைந்தது. 1985இல் பிறந்தவன். பிறந்த வருஷத்துப் போர்ட் ஒயினை, அதாவது போர்ச்சுகலில் செய்யும் சாராயம் சேர்த்த இனிப்பு ஒயினை, பரிசாகக் கொடுப்பது இங்கே இங்கிலாந்தில் பழைய வழக்கம், அதிலும் 1985 ஏறக்குறைய எல்லாப் பெரிய போர்ட் கம்பெனிகளும் வின்டேஜ் என்று, அதாவது தனி வருஷமாகப் பாட்டிலில் அடைக்கத் தகுந்த அருமையான அறுவடை என்று, அறிவித்த வருஷம் என்பதால், ஏலத்தில் ஒரே கம்பெனியின் மூன்று பாட்டில்களை எடுத்தேன். மூன்றுக்கும் சேர்த்து இருநூறு பவுண்டுக்குக் கொஞ்சம் மேல் ஆனது. அதில் முதல் பாட்டிலை நான் பாழாக்கிவிட்டேன். இரண்டாவது அருமையாக வந்தது. மூன்றாவது இன்னும் படுத்திருக்கிறது. கையில் பழைய வின்டேஜ் போர்ட் ஒன்றை வைத்துக்கொண்டு எப்படித் திறப்பது, எதில் வடிப்பது, எத்தனை மணி நேரம் முன்னால் என்று குழம்பிக்கொண்டிருப்பவர்களுக்காக, நான் செய்து பார்த்ததையும் பக்கத்தில் நின்று பார்த்ததையும் ஒப்பிட்டு எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பாழான பாட்டில். கூரியரில் வியாழக்கிழமை வந்த பெட்டியை வெள்ளிக்கிழமை மத்தியானம் பிரித்து, பாட்டிலை மேஜையில் நிமிர்த்தி வைத்து, அன்று ராத்திரியே திறந்தேன். நான் எடுத்தது இரண்டு பக்கமும் கை தூக்குகிற சாதாரண கார்க் ஸ்க்ரூ. வாழைப்பழத்தில் ஊசி இறங்குகிற மாதிரி ஸ்க்ரூ உள்ளே போனது, அப்போதே நிறுத்தி யோசித்திருக்க வேண்டும், ஆனால் அந்தக் கைகளை அழுத்திவிட்டேன், கார்க்கின் நடுப்பகுதி மட்டும் தூளாக வெளியே வந்தது, சுற்றிலும் ஒரு வளையம் கண்ணாடியோடு ஒட்டி அப்படியே நின்றது. அப்புறம் சின்னக் கத்தியால் சுரண்டினேன், பாட்டிலைச் சாய்த்தேன், திருப்பினேன், கடைசியில் மிச்சத்தை விரலால் உள்ளே தள்ளிவிட்டு டீ வடிகட்டியில் ஊற்றினேன். கார்க் துண்டுகள் எல்லாம் வடிகட்டியிலேயே நின்றுவிட்டன. கிளாஸில் இறங்கியது செம்மண் தண்ணீர். "ஆடி மாசம் காவிரியில புதுத்தண்ணி வந்த மாதிரி இருக்குடா மச்சான்" என்றான் நண்பன். குடித்தால் நாக்கில் நறநறவென்று மாவு மாதிரி ஏதோ ஒட்டியது, துவர்ப்பும் கசப்பும்தான் முன்னால் வந்தன, நாற்பது வருஷம் அதன் பின்னால் எங்கோ மறைந்திருந்தது.

மறுநாள் காலை ஒன்று பார்த்தேன். கண்ணாடி ஜாடியில் மூடி வைத்திருந்த மிச்சம், ஒரு கால் லிட்டர் இருக்கும், ராத்திரியோடு ராத்திரியாகத் தானே தெளிந்திருந்தது. அடியில் அரை விரல் உயரத்துக்குக் கருஞ்சிவப்பு மண்டி. மேலே ஒயின் பளிச்சென்று மாணிக்க நிறம். ஒரு கரண்டி மேலாக எடுத்துக் குடித்துப் பார்த்தேன். அது வேறு ஒயின். கசப்பு போயே போயிருந்தது.

பழைய போர்ட்டைத் திறக்கிறவர்கள் எல்லாரும் கார்க்கைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். கார்க் உடைந்தால் ஒயினுக்கு ஒன்றும் ஆகாது, துண்டுகளை வடிகட்டி எடுத்துவிடலாம். மண்டி கலங்கினால்தான் கெடுகிறது, கலங்கிய மண்டியை எந்த வடிகட்டியாலும் முழுசாகப் பிடிக்க முடியாது, நேரம் ஒன்றுதான் அதைத் தெளிய வைக்கும். ரசத்தைக் கலக்காமல் தெளிவை மட்டும் இறுத்து எடுக்கத் தெரிந்தவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை, அதே வேலைதான். அதனால் எந்தக் கருவி என்று தேர்ந்தெடுக்கும்போது "கார்க் முழுசாக வருமா" என்று கேட்காமல், "பாட்டில் எவ்வளவு ஆடும்" என்று கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

இந்த மண்டி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் மிச்சம் எல்லாம் புரிந்துவிடும். போர்ட் என்பது போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் விளைந்த திராட்சையில் செய்வது. அந்தப் பகுதிக்கு 1756லேயே எல்லை வகுத்துவிட்டார்கள். சாறு பாதி நொதித்துக்கொண்டிருக்கும்போதே 77 சதவீத ஆல்கஹால் உள்ள திராட்சைச் சாராயத்தை அதில் ஊற்றி நொதித்தலை நிறுத்திவிடுகிறார்கள். சர்க்கரை அப்படியே தங்கிவிடும், ஆல்கஹால் 20 சதவீதம் வாக்கில் வந்து நிற்கும். டானி வகை போர்ட் பல வருஷம் மரப்பீப்பாயில் கிடந்து, கசடெல்லாம் பீப்பாயிலேயே விட்டுவிட்டு, தெளிந்த பிறகுதான் பாட்டிலுக்கு வரும். வின்டேஜ் அப்படி இல்லை. அறுவடை முடிந்து இரண்டு மூன்று வருஷத்துக்குள், வடிகட்டாமல், கறுப்பாகக் கெட்டியாக இருக்கும்போதே பாட்டிலில் அடைத்துவிடுகிறார்கள், மீதி வாழ்க்கை முழுவதும் பாட்டிலுக்குள்தான். துவர்ப்புச் சத்தும் நிறச் சத்தும் வருஷக்கணக்கில் ஒன்றோடொன்று சேர்ந்து கனமாகி அடியில் இறங்கும். படுத்திருக்கும் பாட்டிலின் கீழ்ப்பக்கத்தில் அது ஒரு பொருக்காகவே படிந்துவிடும். பழைய பாட்டில்களில் ஒரு பக்கம் வெள்ளைப் பெயிண்ட் ஒரு தீற்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. இடம் மாற்றினாலும் வெள்ளைத் தீற்று மேலே, பொருக்கு கீழே.

நம் ஊரில் போர்ட் ஒயின் என்றால் கோவாவில் விற்கும் இனிப்புச் சிவப்பு ஒயின்தான் பலருக்கு நினைவு வரும். அதற்கும் இதற்கும் பெயர்தான் ஒற்றுமை. அதைத் திறப்பதற்கு இந்தக் கட்டுரை தேவையில்லை.

சரி, கருவிகளுக்கு வருவோம்.

சாதாரண கார்க் ஸ்க்ரூ, இரண்டு கை வைத்ததோ, ஓட்டல் பணியாளர்கள் பையில் வைத்திருக்கும் மடக்கு வகையோ, இருபது வருஷத்துக்கு உட்பட்ட பாட்டிலுக்குப் போதும். அதற்கு மேல் வேண்டாம். வின்டேஜ் போர்ட்டின் கார்க் நீளம், ஐந்து சென்டிமீட்டர் வரும். குட்டை ஸ்க்ரூ பாதி வழிதான் போகும், இழுக்கும்போது அங்கேயே அறுந்துவிடும். இன்னொரு விஷயம் பாட்டிலின் கழுத்து. போர்ட் பாட்டில் கழுத்தைத் தடவிப் பாருங்கள், நடுவில் லேசாகப் புடைத்திருக்கும். கார்க் அந்தப் புடைப்புக்குள் விரிந்து உட்கார்ந்துவிடுகிறது, மேலே வாய் குறுகல், அடிப்பாதி ஒயினில் ஊறி நைந்து போயிருக்கும். இதை நடுவில் பிடித்து இழுத்தால் நடுப்பகுதிதான் வரும். என்ன விலை ஸ்க்ரூவாக இருந்தாலும் இதே கதை. படக்கென்று ஒரே இழுப்பில் எடுக்கும் நெம்புகோல் வகை இன்னும் மோசம், அந்த உதறலில் அடியில் இருப்பதெல்லாம் எழும்பிவிடும்.

ஆ-ஸோ என்பது இரண்டு மெல்லிய தகடு உள்ள கருவி. கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இரண்டு பக்கமும் தகட்டை மாற்றி மாற்றி அசைத்து இறக்கி, திருகிக்கொண்டே மேலே எடுக்க வேண்டும். கார்க்கில் ஓட்டையே போடாது, விலையும் குறைவு, அதனால் நிறையப் பேர் இதைச் சிபாரிசு செய்கிறார்கள். இருபது வருஷத்து ஒற்றைத் தோட்டப் போர்ட் ஒன்றில் நான் முயன்று பார்த்தேன். தகடு இறங்க இறங்கக் கார்க்கும் கூடவே இறங்க ஆரம்பித்தது, ஒரு சென்டிமீட்டர் உள்ளே போய்விட்டது, நெஞ்சு அடித்துக்கொண்டது. மெதுவாகத் திருகி எடுத்துவிட்டேன், ஆனால் பிடி தளர்ந்த கார்க்காக இருந்திருந்தால் முழுசாகவே உள்ளே விழுந்திருக்கும். அசைத்து இறக்கும்போது பாட்டிலும் ஆடுகிறது என்பது என் அளவுகோலில் இரண்டாவது குறை. தனியாக ஆ-ஸோ வாங்கலாமா என்று கேட்டால், முப்பது வயதுவரை சரி என்பேன்.

டுராண்ட் என்ற கருவி இந்த இரண்டையும் சேர்த்தது. முதலில் நீள ஸ்க்ரூவை நடுவில் இறக்க வேண்டும், அதன் குறுக்குக் கம்பி பாட்டில் வாயில் வந்து உட்காரும், அப்புறம் ஆ-ஸோ மாதிரித் தகட்டை இரண்டு பக்கமும் இறக்க வேண்டும், பிறகு எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துத் திருகி மேலே எடுக்க வேண்டும். ஸ்க்ரூ கார்க்கைக் கீழே விழாமல் தாங்குகிறது, தகடு ஓரத்தை விடுவிக்கிறது. ஒன்றின் குறையை இன்னொன்று அடைத்துவிடுகிறது. விலைதான் இடிக்கும், நூறு டாலருக்கு மேல். நான் ஒருவரிடம் இரவல் வாங்கினேன். என் இரண்டாவது பாட்டிலில் இதைத்தான் பயன்படுத்தினேன்: தகட்டை இறக்கவே நான்கு நிமிஷம் ஆனது, அவசரப்படவில்லை, பாட்டிலை ஒரு கையால் அடியோடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன், கால் திருப்பு, நிறுத்தம், கால் திருப்பு, நிறுத்தம் என்று எடுத்ததில் கார்க் முழுசாக வந்தது. அடிப்பாதி கறுத்து, ஊறி, பிழிந்தால் சொட்டும் போல இருந்தது, ஆனால் உடையவில்லை. வருஷத்துக்கு நான்கைந்து பழைய பாட்டில் திறக்கிறவர் என்றால் யோசிக்காமல் வாங்கலாம். ஒரே ஒரு பாட்டிலுக்காக வாங்க வேண்டாம், இரவல் கேளுங்கள்.

நான்காவது வழி நெருப்பு. போர்ட்டோ நகரத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் விலா நோவா த காயாவில்தான் கம்பெனிகளின் பழைய கிடங்குகள் இருக்கின்றன. அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் பக்கத்து மேஜைக்கு 1970ஆம் வருஷத்துப் பாட்டில் ஒன்றைத் திறந்தபோது எழுந்து போய்ப் பார்க்க அனுமதி கேட்டேன். நீளக் கைப்பிடி உள்ள இரும்பு இடுக்கி, முனை வட்டமாக, பாட்டில் கழுத்தைச் சரியாகக் கவ்வும் அளவு. அதைக் காஸ் அடுப்பில் செக்கச்செவேலென்று பழுக்கக் காய்ச்சினார்கள். கழுத்தில் இருந்த மூடித் தகட்டை முன்னாலேயே முழுசாக உரித்திருந்தார்கள். பழுத்த இடுக்கியைக் கார்க்குக்குக் கொஞ்சம் கீழே கவ்வவிட்டு, ஒரு நிமிஷம்போல அப்படியே பிடித்திருந்தார் அந்தப் பெரியவர், மூச்சுகூட விடாமல் நிற்கிற மாதிரி இருந்தது. இடுக்கியை எடுத்ததும் ஐஸ் தண்ணீரில் நனைத்த துணியை அதே இடத்தில் சுற்றினார். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். கழுத்து கார்க்கோடு சேர்ந்து கையில் வந்துவிட்டது, வெட்டு நூல் பிடித்த மாதிரி நேராக. இவ்வளவும் நடக்கும்போது பாட்டில் மேஜையைவிட்டு ஒரு இம்மி நகரவில்லை.

என் அளவுகோல்படி இதுதான் முதல் இடம். கார்க் எந்த நிலையில் இருந்தாலும் கவலை இல்லை, மண்டிக்குச் செய்தியே போகாது. ஆனால் வீட்டில் செய்யலாமா என்றால் தயங்குகிறேன். இண்டக்ஷன் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு வாய்ப்பே இல்லை, காஸ் அடுப்போ கரியோ வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குக் கனமான கையுறை வேண்டும். கண்ணாடிச் சில்லு ஏதாவது விழுந்திருக்கும் என்று கட்டாயம் துணியில் வடிக்க வேண்டும். முதல் தடவை காலி பாட்டிலில் பழக வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டிய பாட்டில், அதிலும் 1970 வரைக்குமானது என்றால் இந்தச் சிரமம் தகும். அந்தக் காலத்தில் நிறையப் போர்ட் பீப்பாயாகக் கப்பலேறி இங்கிலாந்தில்தான் பாட்டிலில் அடைக்கப்பட்டது, யார் அடைத்தார்கள் என்பதைப் பொறுத்துக் கார்க்கின் தரமும் வெவ்வேறு. 1970களின் நடுவிலிருந்துதான் போர்ச்சுகலிலேயே அடைத்தாக வேண்டும் என்று கட்டாயமானது.

கார்க்கை உள்ளே தள்ளிவிட்டு ஊற்றுவது எளிது என்று சிலர் சொல்கிறார்கள். அது மட்டும் வேண்டவே வேண்டாம். பொத்தென்று விழும் கார்க் மொத்தத்தையும் கலக்கிவிடும், முதல் பாட்டிலில் நான் பார்த்ததுதான்.

கருவியைவிடப் பெரிய முடிவு நிமிர்த்தி வைப்பது. என் முதல் பாட்டில் பாழானதற்குக் கார்க் ஸ்க்ரூ பாதிக் காரணம்தான். லாரியில் ஆடி வந்த பாட்டிலுக்கு ஓய்வே கொடுக்காமல், ஆறு மணி நேரம் மட்டும் நிமிர்த்தி வைத்தது மீதிப் பாதி. பயணம் வந்த பாட்டில் இரண்டு மூன்று வாரமாவது அசையாமல் படுத்திருக்க வேண்டும். பிறகு திறக்கிற நாளுக்கு இரண்டு நாள் முன்னால் நிமிர்த்தி, மண்டி அடிக்கு இறங்கவிட வேண்டும். ஒரு நாள் என்பது குறைந்தபட்சம். நிமிர்த்தாமலே எடுக்கிற வழியும் ஒன்று உண்டு: படுத்திருந்த பாட்டிலை அதே சாய்வில் கம்பித் தொட்டிலில் வைத்து, வெள்ளைத் தீற்று மேலே இருக்கும்படியே, பொருக்கு கீழ்ப்பக்கம் ஒட்டியிருக்கும்போதே திறந்து ஊற்றுவது. வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் கிடந்து, பொருக்கு கெட்டியாகப் பிடித்த பாட்டிலுக்கு இது நன்றாக வரும். ஏலத்தில் வாங்கியதற்கும் கூரியரில் வந்ததற்கும் வராது, அவற்றில் பொருக்கு ஏற்கனவே உடைந்திருக்கும். நம்மில் முக்கால்வாசிப் பேர் வைத்திருப்பது அந்த இரண்டாவது ரகம்தான், அதனால் நிமிர்த்தி வையுங்கள்.

இறுப்பது பற்றி. பாட்டில் தோளுக்குக் கீழே வெளிச்சம் வைத்து, ஒரே சீராக, நடுவில் நிறுத்தாமல் ஊற்ற வேண்டும். நிறுத்தி நிமிர்த்தினால் அலை திரும்பிப் போய் அடியைக் கலக்கும். மெழுகுவர்த்திதான் மரபு, பார்க்கவும் அழகு. போர்ட் பாட்டில் கண்ணாடி கருப்பாக இருக்கும் என்பதால் எனக்குப் போன் டார்ச்சுதான் உதவியது. கழுத்தை நோக்கி ஒரு மெல்லிய புகைக்கோடு வர ஆரம்பிக்கும், அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அடியில் ஐம்பது, எழுபது மில்லி போனால் போகட்டும். அந்தக் கடைசிச் சொட்டுக்கு ஆசைப்பட்டால் முன்னால் இறுத்த ஏழு கிளாஸும் மங்கிவிடும்.

வடிகட்டியில் மூன்று பார்த்தேன். டீ வடிகட்டி கார்க் துண்டுக்கு மட்டும். காபிக்கு வைக்கும் காகித ஃபில்டரை முதல் பாட்டிலின் கலங்கலில் போட்டுப் பார்த்தேன், ஐந்து நிமிஷத்தில் நுண்ணிய சேறு அடைத்துச் சொட்டுச் சொட்டாக நின்றுவிட்டது, வந்த கொஞ்சத்திலும் ஈரக் காகித வாசம் ஒட்டியிருந்தது. மல்துணிதான் சரி. சோப்பு போடாமல் வெந்நீரில் இரண்டு தடவை அலசி, பிழிந்து, இரண்டு மடிப்பாகப் புனலில் போட வேண்டும். துணி ஒரு காவல், அவ்வளவுதான். தெளிவு என்பது துணிக்கு வருவதற்கு முன்னால் பாட்டிலிலேயே முடிந்திருக்க வேண்டும். இறுத்த ஒயினை ஊற்றி வைக்கும் கண்ணாடிக் குடுவையான டிகாண்டரையும் முகர்ந்து பாருங்கள், அலமாரி வாடை அடித்தால் தண்ணீரில் அலசி, அப்புறம் கொஞ்சம் ஒயின் ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிடுங்கள்.

எத்தனை மணி நேரம் முன்னால் என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. என் இரண்டாவது பாட்டிலைச் சாயங்காலம் நான்கு மணிக்கு இறுத்துவிட்டு, மணிக்கொரு தரம் ஒரு விரற்கடை ஊற்றிக் குடித்துப் பார்த்தேன். நிறம் முதலில்: நடுவில் மாதுளைச் சிவப்பு, ஓரத்தில் செங்கல் நிறம், அதற்கும் வெளியே கிளாஸைச் சாய்த்தால் தெரிகிற தேன் நிறக் கோடு. திறந்த உடனே ஸ்பிரிட் நெடிதான் மூக்கில் ஏறியது, இனிப்பு தனியாக, சூடு தனியாக நின்றது, இதற்கா இவ்வளவு என்று கொஞ்சம் சோர்வாகவே இருந்தது. ஐந்து மணிக்கு நெடி அடங்கி உலர்ந்த அத்திப்பழம் வந்தது. ஆறரை மணிக்குத்தான் அது என்னவென்று புரிந்தது. கருப்பட்டிப் பாகு காய்ச்சும்போது வருகிற அந்தக் கருகலுக்கு முந்தின வாசம், அதன் பின்னால் ஆரஞ்சுத் தோல், கிராம்பு, டீத்தூள் டப்பாவைத் திறந்தால் வருகிற உலர்ந்த துவர்ப்பு மணம். விழுங்கிய பிறகும் ஒரு நிமிஷத்துக்கு வாய் முழுக்க இருந்தது. துவர்ப்பு எல்லாம் மிருதுவாகி, இனிப்பைத் திகட்டவிடாமல் பிடித்து வைத்திருந்தது. ஒன்பது மணி வரை அப்படியே நின்றது, பத்தரைக்கு மேல் பழம் கொஞ்சம் இறங்கி, வறுத்த கொட்டை வாசம் ஏறியது.

ஆகவே நாற்பது வயதுக்கு இரண்டிலிருந்து மூன்று மணி நேரம் என்பேன். அறுபதைத் தாண்டியது, 1963 மாதிரி, அதை மேஜையில் ஆள் உட்கார்ந்த பிறகு இறுத்தால் போதும், காத்திருந்தால் நாம் இல்லாதபோது அது பேசி முடித்துவிடும். 2011, 2016, 2017 மாதிரி இளசு என்றால் காலையிலேயே இறுத்து வையுங்கள், அதற்கு ஆறு எட்டு மணி நேரமும் போதாமல் போகலாம். திறந்ததும் நனைந்த அட்டைப்பெட்டி வாடை, பூஞ்சை பிடித்த நிலவறை வாடை அடித்தால் அது கார்க் நோய், எத்தனை மணி நேரம் வைத்தாலும் போகாது. முதல் பத்து நிமிஷ ஸ்பிரிட் நெடியை அதோடு குழப்பிக்கொண்டு பாட்டிலைக் கொட்டிவிடாதீர்கள்.

கிளாஸ் விஷயத்தில் சுருக்கமாக: சுண்டுவிரல் உயரச் சின்னக் கிளாஸ் வேண்டாம், வாசம் நிற்க இடமே இருக்காது. போர்ச்சுகலின் கட்டடக் கலைஞர் ஆல்வாரோ சீஸா போர்ட்டுக்கென்றே ஒரு கிளாஸ் வடிவமைத்திருக்கிறார், தண்டில் கட்டைவிரல் பதிக்க ஒரு பள்ளம் இருக்கும், பிடிக்க நன்றாக இருக்கிறது. அது இல்லாவிட்டால் வெள்ளை ஒயின் கிளாஸ் போதும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாமல். சூடு 16 முதல் 18 டிகிரி, அதற்கு மேல் போனால் ஆல்கஹால்தான் தெரியும். கூடச் சாப்பிட ஸ்டில்டன் சீஸும் வால்நட்டும்தான் ஆங்கிலேய வழக்கம், அந்த உப்பும் காரலும் நன்றாகவே சேர்ந்தன. சாக்லேட் இளம் போர்ட்டோடு நன்றாகப் போகும். பழையதோடு வைத்தால் சாக்லேட்தான் ஜெயிக்கும்.

இத்தனை பாடு எதற்கு, பேசாமல் டானி வாங்கினால் என்ன என்று கேட்பவர்களுக்கு: நியாயமான கேள்வி, பல பேருக்கு அதுதான் சரியான விடையும்கூட. இருபது வருஷ டானி என்றால் கையாலேயே திறக்கும் மூடி, மண்டி கிடையாது, டிகாண்டர் வேண்டாம், திறந்து சில வாரம் வைத்துக் குடிக்கலாம். தனியாக இருப்பவருக்கோ, வாரத்துக்கு ஒரு கிளாஸ் குடிப்பவருக்கோ முழு வின்டேஜ் பாட்டில் வீண். பிறந்த வருஷம்தான் முக்கியம் என்றால் கொல்ஹெய்ட்டா என்று ஒரு வகை உண்டு, ஒரே வருஷ அறுவடை, குறைந்தது ஏழு வருஷம் பீப்பாயில் இருந்தது. எப்போது பாட்டிலில் அடைத்தார்கள் என்றும் லேபிளில் போட்டிருக்கும். 1984, 1986, 1987 மாதிரி, பெரும்பாலான கம்பெனிகள் வின்டேஜ் அறிவிக்காத வருஷத்தில் பிறந்தவருக்கு முதலில் அதைத் தேடுங்கள், இல்லையென்றால் அந்த வருஷங்களிலும் சில கம்பெனிகள் வெளியிட்ட ஒற்றைத் தோட்ட வின்டேஜைத் தேடுங்கள். ஆனால் பீப்பாயில் பழுத்தது வறுத்த கொட்டை, தேன், சர்க்கரைப் பாகு பக்கம் போகும். பாட்டிலில் பழுத்ததில் நாற்பது வருஷம் கழித்தும் பழம் உயிரோடு இருக்கும். அன்று ஆறரை மணிக்கு நண்பனின் முகத்தைப் பார்த்தேன், கிளாஸைக் கீழே வைக்காமல் முகர்ந்துகொண்டே இருந்தான். அவன் வாழ்க்கை அளவுக்கு ஒரு பாட்டில் இருட்டில் படுத்திருந்தது அந்தக் கிளாஸில் தெரிந்தது, அதற்கு டானி மாற்று இல்லை என்றுதான் தோன்றுகிறது.

ஏலத்தில் வாங்குகிறவர்கள் படத்தை உற்றுப் பாருங்கள். ஒயின் மட்டம் கழுத்திலோ கழுத்தடியிலோ இருக்க வேண்டும், தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால் விட்டுவிடுங்கள். மூடித் தகட்டுக்குக் கீழே பிசுபிசுவென்று கசிந்த தடம் இருந்தால் கார்க் பலவீனம், அப்படிப்பட்டதை வாங்கினால் சீக்கிரம் குடித்துவிட வேண்டும்.

இரண்டாவது பாட்டிலில் மிஞ்சிய ஒன்றரை கிளாஸைச் சின்ன பாட்டிலில் வாய்வரை நிரப்பி ஃபிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் நன்றாகவே இருந்தது, மூன்றாம் நாள் பழம் போய் இனிப்பு மட்டும் நின்றது. அடியில் விட்ட மண்டியைக் கொட்டவில்லை, காளான் வதக்கும்போது ஊற்றினேன், நல்ல கறுப்பாக, கெட்டியாக வந்தது. மூன்றாவது பாட்டில் நண்பனின் கல்யாண நாளுக்கு, டிசம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை. வியாழக்கிழமை காலை நிமிர்த்தி வைக்க வேண்டும் என்று காலண்டரில் குறித்தாயிற்று, டுராண்டையும் இரவல் சொல்லி வைத்திருக்கிறேன்.